மருந்தைப் போதையென்பார்

‘போதைப் பழக்கத்தின் கேடு’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதாத தமிழ் மாணவர் மலேசியாவில் அரியர். அக்கட்டுரைகளில் ஹெரோயினுக்கு அடிமையானவன் மனவுறுதியற்றவனாக வருவான். திருந்துவான், அல்லது மாள்வான். அவன் மருத்துவரை நாடுவதாக எழுதப்படுவது அரிது.

மெத்தடோன் சிகிச்சை இந்நாட்டில் 2005ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும், “ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடிப்பதுதானே இது?” என வினவுவோர் இன்றும் உளர். சாமர்த்தியமான வினாதான், உடலின் இயல்பறியாத வினாவுங்கூட.

ஊசிவழி ஏற்றிய ஹெரோயின் நொடிகளில் மூளையை எட்டும்; சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கியதும் வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்பைக் குடையும் வலி. ஆகவே ஒரே நாளில் பன்முறை அதனைத் தேடியலைகிறான். அதற்குப் பணம் வேண்டும், பணத்திற்குத் திருட்டு. மெத்தடோனோ வாய்வழி அருந்தும் மருந்து. மெல்ல ஏறி, ஒரு நாள் முழுதும் நிலைக்கும். அளவறிந்து கொடுத்தால் வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. காலையில் மருந்தாளர் முன்னிலையில் குடித்துவிட்டு அவன் வேலைக்குப் போகலாம். இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது எவ்வகைத் தமிழ்? ‘மாற்றுப் போதை’ என்று மாணவன் எழுதினால், சந்திப் பிழைக்குச் சிவப்புக் கோடிடும் ஆசிரியர் அச்சொல்லின் கீழும் ஒரு கோடிடட்டும்.

சிங்கப்பூரைச் சுட்டி மறுப்பாரும் உண்டு. அங்கே புப்ரெநோர்பின் மாத்திரையைச் சிலர் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டதும், 2006இல் அது தடுக்கப்பட்ட போதைப்பொருள்களுள் வைக்கப்பட்டதும் உண்மையே. மெத்தடோனும் அளவு மீறினால், மதுவோடு சேர்ந்தால், உயிரைக் குடிக்கும். அதனாலன்றோ அது மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுகிறது!

அடைத்துவைத்தலே வழியென நாடு நெடுங்காலம் நம்பியது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் ஈராண்டு கட்டாய மறுவாழ்வுக்கு இடமளித்தது. வெளிவந்தவன் ஒருமுறை தவறிப் பழைய அளவையே ஏற்றினால், தாங்கும் ஆற்றலை இழந்துவிட்ட உடல் மூச்சடங்கிவிடும். இதில் மனவுறுதிக்கு என்ன வேலை? சிகிச்சையில் நீடிப்போரிடையே இத்தகைய சாவுகள் வெகுவாகக் குறைவதை மருத்துவ ஆய்வுகள் பல நாடுகளில் கண்டுள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரு மருந்துகளையும் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

“எத்தனை காலம் குடிப்பது?” என்பது கடைசி வினா. ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அவசரப்பட்டு நிறுத்துவோருள் பலர் பழைய ஊசிக்கே திரும்புகின்றனர். நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரரை, அதை எப்போது விடப்போகிறீர் என்று எவரும் மடக்குவதில்லை.