இசி ‘க்ளியர்’ என்றால் சொத்தும் க்ளியரா? வில்லங்கச் சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

தாம்பரம், செலையூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் பக்கம் வீடோ மனையோ பார்ப்பவர்கள் புரோக்கரிடம் முதலில் கேட்பது, ‘இசி க்ளியரா?’ என்பதைத்தான். பதிவுத்துறை இணையதளத்தில், மொபைலிலேயே இசியை இலவசமாகப் பார்த்துவிடலாம். ‘பிரச்சினை எதுவும் இல்லைங்க’ என்றதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. ஆனால், இசி என்பது பத்திரம் அல்ல. பத்திரங்களின் அட்டவணையில் தேடி எடுத்த ஒரு பட்டியல், அவ்வளவுதான்.

பத்திரம் வேறு, அட்டவணை வேறு

1908-ம் ஆண்டு பதிவுச் சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நிலம், வீடு தொடர்பான பத்திரங்களின் நகல் 1-ம் புத்தகத்தில் ஏறும்; அசல் உங்களிடம் திரும்பிவிடும். அந்த நகலைத் தேடிப் பிடிக்க, ஆட்களின் பெயர்களுக்கு ஓர் அட்டவணை, சொத்து விவரங்களுக்கு இன்னோர் அட்டவணை. போனில் உள்ள கால் ஹிஸ்டரி மாதிரிதான் இது. யார், யாருக்கு, எப்போது என்பது தெரியும். என்ன பேசினார்கள் என்பது அதில் இருக்காது.

ஏன் இப்படி?

தேடுவது எளிது என்பது ஒரு காரணம். யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் தனித்தனியாக முடிவு செய்யலாம் என்பது இன்னொன்று. 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். உயில்கள் ஏறும் 3-ம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். அதனால்தான் உயில் இசியில் வருவதில்லை.

எங்கே இடிக்கிறது?

நீங்கள் கொடுக்கும் சர்வே எண், ஊர்ப் பெயரை வைத்துத்தான் தேடல் நடக்கிறது. பத்திரத்தில் அதே சொத்து வேறு மாதிரி குறிப்பிடப்பட்டிருந்தால், அந்தப் பரிவர்த்தனை பட்டியலில் வராது. இதை இசியின் குறிப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

உதாரணத்துக்கு, 120/2 என்ற நிலம் பிரிக்கப்பட்டு 120/2ஏ1 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், பழைய எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமல் போகலாம். வயல்கள் மனைகளாக மாறிய தென்சென்னைப் புறநகரில் இந்த உட்பிரிவுகள் ரொம்ப சகஜம்.

நிர்வாக எல்லைகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம் உருவானது. 2019-ல் அதிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. பழைய பத்திரங்களில் பழைய பெயர்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பதிவான பத்திரத்தைக் காலத்துக்கேற்பத் திருத்த முடியாது. பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் வேலை அட்டவணையுடையது. அந்த இணைப்பு விட்டுப்போனால், பத்திரம் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தும் தேடுபவருக்கு இல்லாத மாதிரிதான்.

பதிவு செய்யப்படாத ஒப்பந்தங்கள், பதிவுக்கு வராத வாரிசு உரிமை போன்றவையும் இசியில் தெரியாது. பட்டா என்பதோ வருவாய்த்துறையின் தனிப் பதிவேடு.

நீங்கள் என்ன செய்யலாம்?

* சர்வே எண்ணின் பழைய, புதிய வடிவங்கள் எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். அந்த ஊர் முன்பு எந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்தது என்றும் கேளுங்கள்.
* இசியில் உள்ள ஒவ்வொரு ஆவண எண்ணுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, சொத்து விவரத்தையும் நான்கு எல்லைகளையும் ஒப்பிடுங்கள்.
* பட்டாவில் உள்ள பெயரும் பரப்பளவும் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.
* மொத்தத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

எந்தப் பத்திரங்களைப் படிக்க வேண்டும் என்று இசி சொல்லும். அவற்றைப் படித்த பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.