மேலிடத்துச் சொல்



குந்தா நீர்மின் திட்டத்தின் அருகில் வாழும் மஞ்சூர் மக்களுக்கு, மலையைக் குடைந்து நடைபெறும் பெரும் பணிகள் புதியன அல்ல. இத்தகைய இடங்களில் எளியோர் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே: "நம்மிடம் யார் வந்து பேசுவார்கள்?" சுரங்கம் தோண்டும் நிறுவனங்களின் நற்பெயரும் இக்கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அமைகிறது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜூக்கன் பள்ளத்தாக்கின் பாறைக் குகைகளில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் வாழ்ந்தனர். 2020 மே 24 அன்று, ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுவுக்காக அவற்றை வெடி வைத்துத் தகர்த்தது. 2013இலேயே அரசு அனுமதி பெற்றிருந்தது. ஆகவே சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அம்மண்ணின் பூர்வ குடிகளுக்கு அது முன்னோரின் இல்லம். அதன் அருமையைக் கூறும் ஆய்வறிக்கை நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. எனினும் அச்செய்தி மேலிடத்தைத் தக்க வேளையில் எட்டவில்லை. நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது. அதிகாரிகளின் ஊக்கத்தொகையைக் குறைத்தது. மக்களின் சினம் தணியவில்லை. தலைமை நிர்வாகியும் வேறு இரு உயர் அதிகாரிகளும் பதவி விலக நேர்ந்தது.

நம் மாநிலத்திலும் படிப்பினை உண்டு. 2023 ஜூலையில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டுக் கால்வாய் வெட்ட, கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிரிட வேண்டாம் என்றும் அறிவித்திருந்தோம் என்பது நிறுவனத்தின் வாதம். அறுவடை வரை பொறுத்திருக்கலாகாதா என்பது உழவரின் வேதனை. சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வாறே வினவி, பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது.

அறிவிப்பு வேறு, உரையாடல் வேறு. அறிவிப்பில் ஒருவர் சொல்கிறார்; உரையாடலில் இருவரும் கேட்கின்றனர். 2013இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில், உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 12 கிராம சபைகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. கேட்டபோதுதான் மக்களின் மனம் வெளிப்பட்டது.

ஆகவே, நம் ஊருக்கு எத்திட்டம் வந்தாலும் கிராம சபைக்குத் தவறாது செல்வோம். நமக்குப் புரியும் மொழியில் விளக்கம் கேட்போம். அளிக்கும் வாக்குறுதியை எழுத்தில் பெறுவோம். அதிகாரப் பொறுப்பில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று கூறுவோம்: இயந்திரம் போகுமுன் நீ போ, பேசுமுன் கேள்.