எமுலேட்டர் களவா?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை உள்ளவர்களாவது முழுதாக வாசியுங்கள்.

போன கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது தரம் 10 பிள்ளை ஒருவனின் வாப்பா மறித்தார். "சேர், மகன் லெப்டொப்பில எமுலேட்டர் எண்டு ஒண்டு போட்டு பழைய பிளேஸ்டேஷன் கேம் விளையாடுறான். அது களவு, ஹராம் எண்டு ஒருத்தர் சொல்றார். லெப்டொப்பைப் பறிச்சு அலுமாரியில வெச்சிட்டன். சரிதானே?"

சரியில்லை என்றேன். வெயிலில் நின்று முழுதும் விளக்க ஏலவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஃபத்வா சொல்ல நான் ஆலிம் அல்ல, அதை ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் கேட்கப் போகும் முன் என்ன பொருளைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா.

பிளேஸ்டேஷன் 2 ஜப்பானில் 2000 மார்ச்சில் வந்தது. உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. அதன் மூளை 300 மெகாஹேர்ட்ஸுக்கும் கொஞ்சம் குறைவு, நினைவகம் 32 மெகாபைட். இன்றைக்கு நம் கையில் இருக்கும் மலிவான போன்கூட அதைவிடப் பலமடங்கு பெரியது. ஆனாலும் அந்த கேம் டிஸ்க்கை லெப்டொப்பில் போட்டால் ஓடாது. இரண்டு மூளைகளும் பேசும் பாஷை வேறு. கச்சேரிக்குப் போகும் தமிழ் மட்டும் தெரிந்த உம்மாவையும், சிங்களம் மட்டும் தெரிந்த உத்தியோகத்தரையும் நினைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எமுலேட்டர் அந்த ஆள்தான். கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் அடிக்கடி வரும் வசனங்களை ஒருதரம் மாற்றி மனதில் வைத்துக்கொள்வார், அடுத்தமுறை யோசிக்க மாட்டார். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரும் அப்படித்தான் வேகம் பிடிக்கிறது. அதை ஆர்வலர்கள் இருபது வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. காசு கேட்டு யாராவது விற்றால் அவர்தான் ஏமாற்றுக்காரர்.

மொழிபெயர்ப்பது களவா? இதே கேள்வி அமெரிக்க நீதிமன்றத்துக்கும் போனது. முதல் பிளேஸ்டேஷனின் கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளைச் செய்த கொனெக்டிக்ஸ் என்ற கொம்பனி மீது சோனி வழக்குப் போட்டது. 2000ஆம் ஆண்டு மேன்முறையீட்டில் கொனெக்டிக்ஸ் பக்கம்தான் தீர்ப்பு. சோனி அடுத்த வருடமே அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி மூடிவிட்டது, அது வேறு கதை. 2024இல் யூசு என்ற எமுலேட்டரைச் செய்தவர்கள் நின்டெண்டோவுக்கு 24 இலட்சம் டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது உண்மை. அங்கே நின்டெண்டோ பிடித்துக்கொண்டது டிஜிட்டல் பூட்டை உடைத்தார்கள் என்பதை, அதுவும் கடையில் அப்போதும் விற்றுக்கொண்டிருந்த மெஷினுக்கு.

ஆக, பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வி "எமுலேட்டர் ஏன் போட்டாய்" என்பதல்ல. "கேம் எங்கிருந்து வந்தது மகன்" என்பதுதான். கூட்டாளியின் பென்டிரைவில் நாற்பது கேம் வந்திருந்தால் அது அடுத்தவனின் ஹக். இணையத்தில் இறக்கினாலும் அப்படித்தான், கூடவே வைரஸும் இலவசம். நம் பக்கத்துக் கடைகளில் ஒரு காலம் நூறு, நூற்றைம்பது ரூபாவுக்கு விற்ற டிஸ்க்குகளும் ஒறிஜினல் இல்லை. அதையெல்லாம் ஹலால் என்று வைத்துக்கொண்டு எமுலேட்டரை மட்டும் ஹராம் என்பது எனக்கு விளங்கவில்லை.

என்னிடம் இருப்பது கட்டாரில் இருந்த மாமா வாங்கி வந்த ஒறிஜினல் 'ஷடோ ஒஃப் த கொலோசஸ்'. 2005இல் வந்த கேம். அந்த மெஷினின் லென்ஸ் எப்போதோ செத்துவிட்டது. துறைமுகத்து உப்புக்காற்றுக்கு இரும்புக் கேற்றே தாங்காது, லென்ஸ் எம்மாத்திரம். டிஸ்க் மட்டும் கீறல் இல்லாமல் இருக்கிறது. சாதாரண டிவிடி டிரைவ் அதை வாசிக்கும், ஒரு கோப்பாக எடுத்து வைக்கலாம். எமுலேட்டர் கேட்கும் பயோஸையும் சொந்த மெஷினிலிருந்தே எடுக்க வேண்டும். லென்ஸ் போனாலும் போர்ட் உயிரோடு இருந்தால் அது முடியும். நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், கணினி நிரலை முறையாக வாங்கியவர் காப்புக்காக ஒரு பிரதி எடுத்துவைக்க இடம் தருகிறது. ஒரு பிரதிதான். வகுப்புக்கே பங்கு வைக்க அல்ல.

அந்த கேமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபுமிட்டோ உவேடா என்ற ஜப்பானியர் இயக்கியது. இறந்த பெண்ணை மீட்க ஒரு இளைஞன் குதிரையில் ஆளில்லாத தேசத்துக்கு வருகிறான். 16 இராட்சத உருவங்களைக் கொன்றால் அவள் எழும்புவாள் என்று ஒரு குரல் சொல்கிறது. வேறு எதிரி இல்லை, ஊர் இல்லை, கடை இல்லை. வாளை வெயிலில் பிடித்தால் வெளிச்சம் வழி காட்டும். சீனன்குடாவில் பிரிட்டிஷ்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு அந்த உருவங்களின் பருமன் உடனே பிடிபடும். ஏறும் வழியைக் கண்டுபிடிக்க மண்டையைக் கசக்க வேண்டும். விழுத்திய பிறகு வெற்றி மேளம் இல்லை, சோகமான இசை. நமக்கு ஒரு தீங்கும் செய்யாமல் தன்பாட்டில் திரிந்ததை ஏன் கொன்றோம் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பாடப்புத்தகத்தால் கேட்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று சக ஆசிரியர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அந்தச் சின்ன மூளைக்கு இந்த கேம் பெரிய சுமை, படம் இழுபடும். எமுலேட்டரில் மூளையின் வேகத்தைக் கூட்டிவிட்டால் சீராக ஓடுகிறது. ஏன் என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். விளக்கத் தெரிந்தால் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் செயலி பற்றிய அலகு பாதி முடிந்தது.

மறுபக்கம், லெப்டொப்பைப் பறித்த பிறகு அந்தப் பொடியன் என்ன செய்கிறான்? உம்மாவின் போனில் ஃப்ரீ ஃபயர். அதற்கு முடிவே இல்லை, முகம் தெரியாதவர்களோடு பேச்சு, டயமண்ட் வாங்கக் காசு. பழைய கேம் ஒருநாள் முடியும். டேட்டா கேட்காது, ரீலோட் கேட்காது. முடிந்ததும் பொடியன் எழும்பி வெளியே வருவான்.

கொம்பனிகளையும் சும்மா விட ஏலாது. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 வீதம் இன்று கடையில் வாங்கவே முடியாது என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அமைப்பு 2023இல் கணக்குச் சொன்னது. இந்த கேமைப் புதிதாகச் செய்து 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு விற்றார்கள், நல்லது. ஆனால் கணினிக்கு விற்கவில்லை. விற்காததை எடுப்பது ஆகும் என்று நான் சொல்லவில்லை. விற்கவும் மாட்டோம், வைத்திருப்பவன் தன் டிஸ்க்கை ஓட்டவும் கூடாது என்றால் அது எந்த நியாயம்?

அந்த வாப்பாவுக்கு: பிள்ளையின் டிஸ்க் சாச்சா கொண்டு வந்த ஒறிஜினல் என்று நீங்களே சொன்னீர்கள். லெப்டொப்பைத் திருப்பிக் கொடுங்கள், நேரத்தை மட்டும் எல்லைப்படுத்துங்கள். மற்றவர்கள் பழைய பிஎஸ்2ஐப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க முன் ஒறிஜினல் டிஸ்க்குகளை எடுத்து வையுங்கள். டிவிடி டிரைவ் இல்லாத லெப்டொப் என்றால் என்னிடம் யுஎஸ்பி டிரைவ் ஒன்று இருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன், டிஸ்க்கையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.