பஞ்சாங்கத்தில் இல்லாத நாள்

உபுண்டு இயங்குதளத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காசு வாங்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், நீண்ட காலப் பராமரிப்புள்ள பதிப்பைக் கொடுக்கிறார்கள். ஆனால் நாகர்கோவிலில் நோட்டீசும் ஜெராக்சுமாய்ப் பிழைக்கிறவன் அதற்கு மாற எந்த நாளைத் தேடுவான்?

ஏப்ரல், மே என்றால் ஊருக்கு ஊர் அம்மன் கொடை. நோட்டீஸ் நாளைக்கே வேண்டும். ஜூனில் பள்ளி, கல்லூரி விண்ணப்பம். முதல் திருத்தப் பதிப்பு வரட்டும் என்று பொறுத்தால், 24.04.1 வந்ததே 2024 ஆகஸ்ட் கடைசியில். அப்போது ஆவணி முகூர்த்தம், கல்யாணப் பத்திரிகை. ஐப்பசியில் மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் கரண்டை நம்பி இறங்க முடியுமா? பாதி மாறிய நிலையில் கரண்ட் போனால் மெஷின் எழும்புவது சந்தேகம். அப்புறம் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர். சும்மா கிடக்கிற வாரம் எது?

"மாற்றாமலே இருங்களேன்" என்பார்கள். என் மெஷினில் ஓடுகிற 20.04-க்கு வழக்கமான பராமரிப்பு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. ஊரார் ஆதாரும் பத்திரமும் ஏறி இறங்குகிற மெஷினைப் பாதுகாப்புத் திருத்தம் இல்லாமல் எப்படி வைத்திருக்க? அங்கிருந்து 24.04-க்கு நேரே தாவவும் வழியில்லை, 22.04-ல் கால் வைத்துத்தான் ஏற வேண்டும்.

"புதுசா இன்ஸ்டால் பண்ணிருங்க அண்ணாச்சி, அரை மணிக்கூர் வேலைதான்" என்கிறான் பக்கத்துக் கடைப் பையன். அரை மணிக்கூரில் ஏறுவது சிஸ்டம் மட்டும். பழைய பிரிண்டரின் டிரைவர் அதில் ஓடுமா? யூனிகோடுக்கு முன்னால் அடித்த கொடை நோட்டீஸெல்லாம் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு விட்டுப்போனால் அம்மன் பேரே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

களியக்காவிளை தாண்டினால் கேரளப் பள்ளிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே பள்ளிக் கணினிகளைக் கவனிக்கிற அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவோடு பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுக்கிறது. 2022-ல் வந்த 22.04-ஐ அடிப்படையாக வைத்த தன் பதிப்பை 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. எப்போது, எதற்கு மாறுவது என்று முடிவெடுக்க அங்கே ஆள் உண்டு. கடைக்காரனுக்கு எவன் இருக்கான்?

புது வசதிகள் யாருக்கு வேண்டும்? இந்தப் பிரிண்டர் ஓடுமா, ஓடாதா என்று மாறுவதற்கு முன்னாலேயே சொல்லட்டும். கரண்ட் போனால் விட்ட இடத்தில் தொடரட்டும். அதை விட்டுவிட்டுப் 'புதிய பதிப்பு தயார்' என்று திரையில் கூவிக்கொண்டே இருந்தால் யாருக்கு வே லாபம்?