கலாசாலைகளும் இணையவழிப் பாடங்களும்

ஒரு பட்டத்திற்குரிய பாடங்களில் எவ்வளவு பங்கை மாணாக்கர் தம் கலாசாலை ஆசிரியரிடம் கல்லாமல், இணையத்தின் வழியே வேறிடத்து ஆசிரியரிடம் கற்கலாம் என்ற கேள்விக்குப் பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு முறை விடை கூறியிருக்கிறது. 2016இல் ஒரு பருவத்திற்கு நூற்றுக்கு 20 என்றது. 2021இல் நூற்றுக்கு 40 என்று உயர்த்தியது. ஐந்தே ஆண்டுகளில் அளவு இரட்டித்துவிட்டது. ஆனால் அந்த அளவுக்குள் எந்தப் பாடம், யாருடைய தீர்மானத்தின் பேரில், என்ன வசதிகளோடு, எத்தகைய பரீக்ஷையோடு நடைபெற வேண்டும் என்று தெளிவாகக் கொள்கை வகுத்து எழுதி வைத்துக்கொண்ட கலாசாலைகள் எத்தனை? ஒரு சுற்றறிக்கை வருகிறது. மாணாக்கர் பெயரைப் பதிந்துகொள்கிறார்கள். பருவ முடிவில் மதிப்பெண் பட்டியலில் ஓர் எண் ஏறுகிறது. இதுவே கொள்கை என்று எண்ணி இருந்துவிடுவது தகாது என்பது நமது அபிப்பிராயம்.

இணையவழிக் கல்விக்கு நாம் விரோதிகளல்லோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2003இல் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடித் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும், 2017 ஜூலையில் தொடங்கப்பெற்ற ஸ்வயம் தளமும் இத்தேசத்தின் பொதுச் சொத்துக்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் வகுப்பறையில் இடம் பெறுவோர் ஒரு சிலரே. அங்குள்ள பேராசிரியர் நிகழ்த்தும் பாடத்தைச் சங்கரன்கோவிலிலோ தர்மபுரியிலோ படிக்கும் ஒரு மாணவி காசு கொடாமல் கேட்கலாம் என்பது சிறிய காரியமன்று. வித்தையை நெடுங்காலம் வேலிக்குள் வைத்திருந்த தேசத்தில் ஒரு வேலி சாய்கிறதென்றால், அதை வரவேற்காதவர் யார்?

ஆயினும் ஆசிரியர் முகம் பாராமல் பட்டம் பெறும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலை, லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு, பல்லாண்டு காலம் பரீக்ஷை நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. 1962இல் டில்லிச் சர்வகலாசாலை தபால்வழிக் கல்வியைத் தொடங்கிற்று; பின்னர் மதுரை முதலிய சர்வகலாசாலைகளும் அதை மேற்கொண்டன. பகலில் உத்தியோகம் பார்த்தவர்களுக்கும், வீட்டை விட்டு வெளிச்செல்ல இயலாத பெண்களுக்கும் அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அதன் குறையையும் நாம் அறிவோம். தபாலில் புத்தகம் வந்து சேர்ந்துவிடும். சந்தேகம் கேட்கத்தான் ஆள் இராது. இணையம் தபாலைவிட வேகமானது. சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்ற தேவையை அந்த வேகம் அகற்றிவிடவில்லை.

இனி விதியின் வாசகத்தைப் பார்ப்போம். இணையவழிப் பாடங்களை ஒரு கலாசாலை ஏற்பதற்கு 2016ஆம் ஆண்டு விதிகள் மூன்று காரணங்களைக் கூறின. பாடம் நடத்தத் தகுந்த ஆசிரியர் இல்லாமை ஒன்று. மாணாக்கர் விரும்பும் பாடம் அங்கே நடத்தப்படாமை மற்றொன்று. வகுப்பறைப் போதனைக்குத் துணையாதல் மூன்றாவது. பின்னிரண்டும் நியாயமானவை. முதலாவதைத்தான் நாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறோம். ஆசிரியர் ஏன் இல்லை? ஓர் அரிய துறைக்கு ஆள் கிடைக்கவில்லையென்றால் அது வேறு விஷயம். ஓய்வு பெற்றவரின் இடத்தை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் விட்டதனால் இல்லையென்றால், அது நிர்வாகத்தின் தவறு, அல்லது சர்க்காரின் தவறு. தன் தவற்றைக் கொண்டே ஒருவன் ஆதாயம் தேடலாகாது என்பது நியாய சாஸ்திரத்தின் மூலதர்மங்களுள் ஒன்று. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் நிரந்தர உத்தியோகமின்றிப் போதித்து வந்திருப்பதை எல்லோரும் அறிவர். காலியிடங்களை நிரப்புவதற்குப் பதிலாக வீடியோவை ஓடவிட்டுப் பாடம் நடந்துவிட்டதென்று கணக்கெழுத இந்த விதி வழி திறக்குமாயின், மாணாக்கரும் வஞ்சிக்கப்படுகிறார்கள்; ஆசிரியர்களும் வஞ்சிக்கப்படுகிறார்கள். நூற்றுக்கு 40 என்பது மேல் எல்லை. எட்டியே தீரவேண்டிய இலக்கன்று. 'செய்யலாம்' என்றிருப்பதைச் 'செய்தாக வேண்டும்' என்று வாசிப்பது விதியைத் திரிப்பதாகும்.

அதே விதிகளில் 'வேண்டும்' என்று சொல்லப்பட்ட பகுதிகளும் உண்டு. கம்ப்யூட்டர், நூல்நிலையம் முதலிய வசதிகளை மாணாக்கருக்கு இலவசமாகவும் போதிய அளவிலும் கலாசாலை அளிக்க வேண்டும் என்றும், பாடம் முடியும் வரை வாரத்திற்கு 2 மணி நேரம் வழிகாட்ட ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும் அவை விதித்தன. இது வெறும் உபசார வார்த்தையன்று. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் உடையவை நூற்றுக்கு 4.4, இணைய வசதி உடையவை 14.9. நகரங்களிலோ அவை முறையே 23.4, 42. அதன் பின் கைப்பேசி எங்கும் பரவியிருப்பது மெய்யே. ஆனால் ஒரு வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொண்டு படித்ததை, 2020இல் கலாசாலைகள் மூடப்பட்ட காலத்தில் நாம் கண்டோம். வீட்டில் மேஜையும் அமைதியும் தனி இணைப்பும் உடையவனுக்கு ஒரு பட்டம், இல்லாதவளுக்கு அதே பட்டம், ஆனால் கற்ற கல்வி வேறு என்றால், அதைச் சமத்துவம் என்று சொல்லலாமா?

செல்வம் மிகுந்த தேசத்திலும் இதே அனுபவம் ஏற்பட்டிருக்கிறது. 2013 ஜனவரியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஸான் ஹொஸே சர்வகலாசாலை, உடாசிட்டி என்ற கம்பெனியோடு கூடிக் கணிதத்தையும் புள்ளியியலையும் இணையவழியே போதித்துப் பார்த்தது. சேர்ந்தவர்களில் முன்பே கணிதத்தில் தவறியவர்களும், உயர்நிலைப் பள்ளி மாணாக்கரும் இருந்தனர். வகுப்பறையில் பயின்றவர்களைவிட அவர்களில் தேறியவர்கள் குறைந்தமையால், அந்த ஜூலையிலேயே ஏற்பாடு நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டில் அங்குள்ள தத்துவத் துறை ஆசிரியர்கள், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் பதிவு செய்யப்பட்ட பிரசங்கங்களைத் தம் வகுப்பில் பயன்படுத்த மறுத்துப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அவர்கள் அஞ்சியது அப்பேராசிரியரின் புலமையைக் கண்டல்ல. செல்வ மாணாக்கருக்கு உயிருள்ள ஆசிரியரும் ஏழை மாணாக்கருக்கு அவர் நிழற்படமும் என்ற நிலை வந்துவிடுமே என்றுதான். அந்த அச்சம் நமக்கும் பொருந்தும்.

பரீக்ஷையைப் பற்றியும் ஒரு வார்த்தை. என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்தரப் பயிற்சிகளுக்கு நூற்றுக்கு 25, மண்டபத்தில் மேற்பார்வையோடு நடக்கும் பரீக்ஷைக்கு 75 என்று மதிப்பெண் வகுத்திருப்பது விவேகமானது. வீட்டிலிருந்து எழுதும் விடைகளைப் பிறர் எழுதித் தரலாம். இப்போது யந்திரமே எழுதித் தருகிறது. ஆகவே மேற்பார்வையில்லாத பரீக்ஷையைப் பட்டத்திற்குக் கணக்கில் கொள்வது நேர்மையாகப் படிப்போருக்குச் செய்யும் அநீதி. பாடம் கேட்பது இலவசமாயினும் பரீக்ஷைக்குக் கட்டணம் உண்டு. பாடத்தைக் கட்டாயமாக்கும் கலாசாலை, அக்கட்டணத்தை ஏழை மாணாக்கர் தலையில் சுமத்தலாகாது.

இணையவழிக் கல்வியைச் செவ்வையாக நடத்த முடியாதென்று நாம் சொல்லவில்லை. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய தரவு விஞ்ஞானப் பட்டப்படிப்பே சான்று. போதனை இணையத்தில், பரீக்ஷையோ மாணாக்கர் நேரில் வந்து எழுதும் மையங்களில். வருமானம் குறைந்தோருக்குக் கட்டணச் சலுகை உண்டு. இடையில் நிற்க நேர்ந்தோருக்கும் முடித்த கட்டத்திற்கேற்ற சான்றிதழ் உண்டு. இவையெல்லாம் முன்கூட்டி யோசித்து வகுத்த ஏற்பாடுகள், தாமாக அமைந்தவையல்ல.

ஆகவே ஒவ்வொரு கலாசாலையும் தன் கொள்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மாணாக்கர் கையில் கொடுக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். எந்தப் பாடத்தை ஏற்பது என்பதைப் பாடத்திட்டக் குழுவிலுள்ள ஆசிரியர்கள் தீர்மானிக்க வேண்டும்; நிர்வாகியின் ஒற்றைக் கையெழுத்து போதாது. வழிகாட்டும் ஆசிரியருடைய 2 மணி நேரத்தை அவருடைய வேலைக் கணக்கில் சேர்க்க வேண்டும். தர்மத்திற்கு உழைக்கச் சொல்வது முறையன்று. காலியிடத்தைக் காட்டி ஏற்ற பாடம் ஓராண்டிற்கு மேல் நீடிக்கலாகாது. ஆசிரியர் பதிவு செய்த பாடத்தை அவர் போன பின்னும் பயன்படுத்துவதானால், அதற்கு அவர் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு, ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தைத் தமிழில் விளக்க ஒரு வகுப்பேனும் வாரந்தோறும் நடக்க வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் இடையில் விட்டனர், எத்தனை பேர் தேறினர் என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

கொள்கையை எழுதினால் மட்டும் போதாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வசதி கிடைக்காத மாணாக்கர் முறையிடுவதற்கு ஓர் அதிகாரியும், அவர் பதில் கூறுவதற்கு ஒரு காலக்கெடுவும் இல்லாத கொள்கை வெறுங் காகிதமே. இதற்கு ஆகும் செலவு பெரிதன்று. மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் அறையும், கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆசிரியரும் போதும். இதைக்கூடச் செய்ய மனமில்லாத ஸ்தாபனம் நூற்றுக்கு 40 பங்கு பாடத்தைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, பட்டத்தில் தன் முத்திரையைப் பதிப்பதற்கு என்ன உரிமை உடையது? சர்க்காரும் சர்வகலாசாலைகளும் இந்தக் கேள்வியை வரும் கல்வியாண்டு தொடங்குமுன் கேட்க வேண்டும். அவர்கள் கேளாவிட்டால், பெற்றோர்கள் கேட்கட்டும்.