அரும்பு நிலையில் நிறுத்தப்படும் பிள்ளைகள்: ஆசிரியர் பணியமர்த்தல் குறித்து எங்கள் நிலைப்பாடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியரை அனுப்பும்போது, அவருக்கு எந்தெந்த மொழி பேச வரும் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. பட்டயமும் தகுதித் தேர்வும் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால், ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மிச்சமுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தகுதி பற்றிய பேச்சு பெரும்பாலும் தேர்வோடு நின்றுவிடுகிறது. வீட்டில் தெலுங்கோ உருதோ பேசி வளர்ந்து, தமிழ்ப் பள்ளியில் தட்டுத்தடுமாறிப் படித்து மேலே வந்த ஓர் இடைநிலை ஆசிரியருக்குத் தெரிந்ததை எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

1960களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த நாளிலிருந்தே ஆவடி பல மொழி பேசும் ஊர். மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. அம்பத்தூர், திருமழிசை தொழிற்பேட்டைகளுக்கும் கட்டட வேலைக்கும் கூலிக்கு வந்த பீகார், ஒடிசா, ஆந்திரக் குடும்பங்களுக்குப் பக்கத்து அரசுப் பள்ளிதான் கதி. அந்தப் பள்ளிகளுக்கு அரசு நிறையவே செய்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. மாநிலம் முழுவதும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் என்று திட்டமிட்டுக் கொடுத்தது சிறிய காரியமல்ல. 2023இல் வந்த மணற்கேணி செயலியில் பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. போஜ்பூரி பேசும் ஆறு வயதுப் பிள்ளைக்கோ இரண்டுமே புது மொழி. படம் அசைவது தெரியும், சொல்வது புரியாது.

சிக்கல் கூர்மையாகத் தெரிவது மதிப்பீட்டில். 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல முறைதான். ஆனால் தன் மொழியில் நூறு வரை எண்ணவும் கடையில் சில்லறையைச் சரிபார்க்கவும் தெரிந்த பிள்ளை, தமிழில் கேட்ட கேள்வி புரியாமல் விழித்தால் அரும்பில்தான் நிற்கும். கணக்குத் தெரியாததும் கேள்வி புரியாததும் கணினியில் ஒரே விடையாகவே பதிவாகின்றன. இரண்டையும் பிரித்தறிய, அந்தப் பிள்ளையின் மொழியில் நாலு வார்த்தை பேசக்கூடிய ஆள் வகுப்பில் இருக்க வேண்டும். கருவி பெருகப் பெருக இந்தத் தேவை கூடத்தான் செய்யும். தவறான பதிவும் வேகமாகச் சேர்கிறதே.

இது இந்தியைக் கொல்லைப்புற வழியாகக் கொண்டுவரும் வேலை என்று சிலர் ஐயப்படலாம். இந்த மண்ணில் அந்த ஐயத்துக்குக் காரணமும் வரலாறும் உண்டு. அதை எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். நாங்கள் கேட்பது புதுப் பாடமோ மூன்றாம் மொழியோ அல்ல. முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளையின் வாய்மொழியைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு அழைத்து வருவதைத்தான் கேட்கிறோம். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும் என்கிறது. தமிழில் கால் ஊன்றாத பிள்ளை ஐந்தாம் வகுப்புவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நோக்கம் நிறைவேறாது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்லும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்கும் இது முரணல்ல. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியா பாடநூலும் அம்மொழி தெரிந்த கற்பிப்போரும் ஏற்பாடு செய்யப்பட்டதுண்டு. அதனால் இரு மொழிக் கொள்கைக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

ஓர் ஆசிரியருக்கு எத்தனை மொழிதான் தெரியும் என்ற கேள்வி இதைவிட வலுவானது. எல்லா மொழிக்கும் ஆள் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் மொழியை நிபந்தனையாக்கச் சொல்லவில்லை. பணியிட மாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமையாக வைக்கச் சொல்கிறோம். ஆள் கிடைக்காத பள்ளியில், இரண்டாம் மொழியாகத் தமிழைக் கற்பிக்கும் பயிற்சியாவது ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு நேரம் எங்கே என்றால், எமிஸ் எனப்படும் கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்தின் பதிவு வேலையைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டு வருவதை நினைவூட்டுவோம்.

பெரிய செலவு எதுவும் இல்லை. மாணவர் விவரத்தில் தாய்மொழி ஏற்கெனவே பதிவாகிறது. ஆசிரியர் விவரத்திலும் பேசத் தெரிந்த மொழிக்கு ஒரு கட்டம் சேர்த்து, அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன் இரண்டையும் பள்ளிவாரியாக ஒப்பிட்டுப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுக்களின் பார்வைக்கும் வைக்க வேண்டும்.