கூட யாரு வந்திருக்கீங்க?

பிரசவ அறைக்குள் கர்ப்பிணியோடு துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016 பிப்ரவரியிலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கான அறிவுரை அது. யார் வரலாம் என்பதற்கு நிபந்தனைகளும் உண்டு. பெண்ணாக, உறவுக்காரராக இருக்க வேண்டும்; தானும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது. சுத்தமான துணி உடுத்தியிருக்க வேண்டும். பிரசவம் முடியும்வரை கூடவே இருக்கச் சம்மதிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலையில் தலையிடக் கூடாது. அறையில் இருக்கும் மற்றப் பெண்களைக் கவனிக்கப் போகக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையை எழுதியவர் நம்மூர்ப் பெண்களோடு ஒரு பஸ் பயணம்கூடப் போனதில்லை போலிருக்கிறது.

என் அண்ணன் மகளுக்குத் துணையாக ஒரு அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டுக்குள் போய்விட்டு வந்தேன். அண்ணிக்கு ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும். பெண்ணின் மாமியார் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர், ராத்திரி முழுக்க நிற்க முடியாது. மிச்சம் இருந்தது அத்தை. தலைப்பிரசவம், அதனால் எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். வெளியே காட்டிக்கொள்ள முடியாத இடத்தில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் நம் வழக்கம் விசித்திரமானது. வளைகாப்புக்கு ஊரைக் கூட்டுகிறோம். முழங்கை வரை வளையல் அடுக்குகிறோம். கட்டுச்சோறு கட்டித் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, புரண்டு படுக்காதே, எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படு, கொடி சுத்திக்கும் என்று அவள் தூக்கத்துக்குக்கூடக் காவல் இருக்கிறோம். இத்தனையும் செய்துவிட்டு, லேபர் வார்டு கதவு வந்ததும் தோட்டையும் சங்கிலியையும் கழற்றி வாங்கிக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு, அவளைத் தனியே உள்ளே அனுப்பிவிட்டு மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஆயுசிலேயே அவளுக்கு ஆள் வேண்டிய நேரம் அதுதான்.

துணைக்கு ஆள் போகலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்கத் தயக்கம். கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வாரோ, அந்தக் கோபத்தை உள்ளே இருக்கிற பிள்ளைமேல் காட்டிவிடுவாரோ என்ற பயம். எங்கள் விஷயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்டு, என் செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவச் சொல்லி, ஒரு பச்சை கவுனை மாட்டிவிட்டு உள்ளே விட்டுவிட்டார்கள்.

வலி முந்தின நாள் மாலையே ஆரம்பித்திருந்தது. வீட்டில் வழக்கம்போல் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். சூட்டு வலியென்றால் அடங்கும், நிஜ வலியென்றால் கூடும் என்பது கணக்கு. கஷாயம் தீர்ப்புச் சொல்கிறதோ இல்லையோ, வலி தன் தீர்ப்பைத் தானே சொல்லிவிடும். விட்டு விட்டு வருகிற வலி, நேரம் போகப் போக இடைவெளி குறைந்து, ஒவ்வொன்றும் நீண்டு, நடந்தாலும் படுத்தாலும் நிற்காமல் போனால் அது நிஜ வலி. பனிக்குடம் உடைந்துவிட்டால் கஷாயத்துக்கும் கடிகாரத்துக்கும் வேலையில்லை, கிளம்பிவிட வேண்டியதுதான்.

போய்ச் சேர்ந்தபோது சிஸ்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு விரல்தான் விட்டிருக்கு, நடக்கச் சொல்லுங்க" என்றார். கர்ப்பப்பை வாயின் முழுத் திறப்பு என்பது 10 சென்டிமீட்டர். மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்தக் கணக்கைத் தளர்த்திவிட்டது. 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வலி வேகம் பிடிக்கிறது என்றும், தலைப்பிரசவத்தில் அங்கிருந்தும் 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய கட்டத்துக்கு நேரக் கணக்கே கிடையாது, ஆளுக்கு ஆள் மாறும். வெளியே மரத்தடியில் இருக்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. "இன்னுமா ஆகலை? ஆபரேஷன் பண்ணிடச் சொல்லேன்" என்று அண்ணன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் நடந்தோம். வலி வரும்போதெல்லாம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிவாள். இடுப்புக்குக் கீழே, வால் எலும்புக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். "அங்கதான் அத்தே, இன்னும் அழுத்துங்க" என்பாள். வலி இறங்கியதும் ஒரு வாய் தண்ணீர், மறுபடி நடை. நான் செய்த மருத்துவம் இவ்வளவுதான். நடுவில் ஒருமுறை, "என்னால முடியாது அத்தே, வயித்தைக் கிழிச்சு எடுத்துடச் சொல்லுங்க" என்று அழுதாள். ஏறக்குறைய எல்லாப் பெண்களும் ஒரு கட்டத்தில் அந்த வார்த்தையைச் சொல்வார்களாம். நானும் சொல்லியிருக்கிறேன், என் காலத்தில். கேட்கத்தான் அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

துணை என்பது ஆறுதலுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேலும் பலன் உண்டு என்பதற்கு மருத்துவ உலகில் நல்ல ஆதாரம் இருக்கிறது. குவாத்தமாலாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி; அங்கே பெண்கள் தனியாகத்தான் வலி பொறுக்க வேண்டும், குடும்பத்தாருக்கு அனுமதி இல்லை. கிளவுஸ், கென்னல் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்களும் உடன் பணியாற்றியவர்களும் சில பெண்களுக்கு மட்டும், முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூடவே உட்காரவைத்துப் பார்த்தார்கள். முதுகைத் தடவுவது, கையைப் பிடித்துக்கொள்வது, பேசுவது, அவ்வளவுதான் அவள் வேலை. 1980இல் வெளியான அந்த ஆய்வில், சிக்கலில்லாமல் பெற்றவர்களிடையே, துணை இருந்தவர்களுக்கு வலி நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த காக்ரேன் அறிக்கை 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டது. குவாத்தமாலா அளவுக்கு அதிசயம் இல்லை, ஆனால் திசை அதேதான்: துணை இருந்தவர்களுக்கு சுகப்பிரசவம் கூடுதல், சிசேரியன் குறைவு, வலி நேரமும் கொஞ்சம் குறைவு. பயத்தில் அட்ரினலின் ஏறினால் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினின் வேலை கெடும் என்பது இதற்கு டாக்டர்கள் சொல்லும் விளக்கம்.

இன்னொரு விளக்கம் எனக்கு உண்டு. அது எந்த ஆய்விலும் இருக்க வேண்டியதில்லை, லேபர் வார்டுக்குள் போய் வந்த எந்தத் தமிழ்ப் பெண்ணைக் கேட்டாலும் தெரியும். வலியில் கத்துகிறவளைப் பார்த்துச் சொல்கிற அந்த வசனம் இருக்கிறதே, புருஷனோடு படுத்ததைச் சொல்லிக் குத்துகிற வசனம், அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. தொடையில் விழுகிற அடியும் அப்படித்தான். சொந்தக்காரி ஒருத்தி பக்கத்தில் நிற்கும்போது அந்த வசனம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. துணைக்கு இருப்பவள் வாய் திறக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். தலையிடக் கூடாது என்று விதி சொன்னாலும், சாட்சி ஒன்று இருப்பதே பெரிய தலையீடுதான்.

நர்ஸுகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற பேச்சும் எனக்குப் பிடிப்பதில்லை. அன்று ராத்திரி இருந்த சிஸ்டர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத்துடிப்பு, வலி எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்று ஒவ்வொருத்திக்கும் பார்த்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அது முடிந்தால் ரிஜிஸ்டர், பிறகு இன்னொரு ரிஜிஸ்டர். அந்தக் கைக்கு ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொள்ள நேரம் எங்கே? எனக்கு நேரம் இருந்தது, என் தகுதியே அதுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒடிசாவிலிருந்து செங்கல் சூளை வேலைக்கு வந்த பெண். இரண்டாவது பிள்ளை. ஊரிலிருந்து அவளோடு பெண் உறவு யாரும் வரவில்லை, புருஷன் மட்டும் கேட்டுக்கு வெளியே. பெண் உறவினர் என்ற விதி அவளைச் சுத்தமாகத் தனியே விட்டுவிட்டது. சிஸ்டர் கற்றுவைத்திருந்த நாலு இந்தி வார்த்தையில் "ஜோர் ஸே, ஜோர் ஸே" என்று தூண்டினார். என் மருமகள் வலி இறங்கிக் கண்ணை மூடியிருந்த நேரமெல்லாம் நான் அந்தக் கட்டில் பக்கம் போனேன். மற்றவர்களைக் கவனிக்கக் கூடாது என்ற நிபந்தனை போன இடம் தெரியவில்லை. ஒரு சொல் பேச முடியவில்லை எங்களுக்கு. அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் மறுநாள் நீலம் கட்டியிருந்தது.

அவளுக்குத்தான் முதலில் பிறந்தது. இந்த ஆஸ்பத்திரிகளில் ஒரு நல்ல பழக்கம்: குழந்தையைத் தூக்கித் தாய்க்குக் காட்டி, என்ன குழந்தை என்று அவள் வாயாலேயே சொல்லவைப்பார்கள். மாறிவிட்டது, மாற்றிவிட்டார்கள் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாதல்லவா? "க்யா ஹை, போலோ" என்றார் சிஸ்டர். அவள் தலையைத் தூக்கிப் பார்த்து, "லட்கி" என்றாள். பழக்க தோஷத்தில் சிஸ்டர் கதவைப் பார்த்து, "கூட யாரு வந்திருக்கீங்க?" என்று குரல் கொடுத்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். துணியில் சுற்றிய பிள்ளையைக் கொஞ்ச நேரம் நான்தான் வைத்திருந்தேன்.

எங்கள் பெண்ணுக்கு விடிந்த பிறகு. முழுதாகத் திறந்தும் தலைப்பிரசவத்தில் நேரம் எடுக்கும், முக்கு முக்கு என்று எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டியதில்லை என்று டூட்டி டாக்டரம்மா சொன்னதே எனக்குப் பெரிய நிம்மதி. தலை வந்தபோது முகம் கீழே பார்த்து இருந்தது. அடுத்த வலியில், யாரும் தொடாமலே, அது தானாக ஒரு பக்கம் திரும்பியது. என் வயதுக்கு நான் பார்த்ததிலேயே வியப்பான காட்சி அது. தோள்களுக்கு வழி செய்துகொள்ள அப்படித் திரும்புகிறதாம். ஒரு தோள், மறு தோள், பிறகு மொத்தப் பிள்ளையும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆண். அழுகிற பிள்ளையை அப்படியே தாய் வயிற்றின்மேல் கிடத்தினார்கள். தொப்புள்கொடியை உடனே வெட்டவில்லை, துடிப்பு நிற்கும்வரை பொறுத்து, கிளிப் போட்டு வெட்டினார்கள். தொடையில் ஆக்சிடோசின் ஊசி. நஞ்சு வந்ததும் சிஸ்டர் அதை ட்ரேயில் விரித்து, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று ஓரம் ஓரமாகப் பார்த்தார். தாய் பிழைப்பது அந்த ஓரங்களில்தான் இருக்கிறது. தங்கிப்போன துண்டால் ரத்தம் நிற்காமல் போகும்.

வெளியே தூக்கிக்கொண்டு போனபோது, பையனா பெண்ணா என்பதற்குத் தகுந்தபடி கை நீட்டுகிற வழக்கமும் காத்திருந்தது. அதைப் பற்றி எழுதி எழுதிச் சலித்துவிட்டது, விடுகிறேன்.

சுகப்பிரசவம் என்றதும் கேட்டவர்கள் பலரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆச்சரியத்துக்குக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன, இது பெருமை. அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8, அரசில் 36. தேவையான சிசேரியன் உயிர் காக்கும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கூட நின்று பொறுத்திருக்க ஆள் இல்லாத இடத்தில், கத்தி சீக்கிரம் கைக்கு வருகிறது என்பது என் கட்சி. தனியாரில் ஏசி அறை கொடுப்பார்கள், டிவி கொடுப்பார்கள். வலி முற்றியதும் "நீங்க வெளிய இருங்கம்மா" என்று அம்மாவை அனுப்பிவிடுகிற இடங்களும் அதில் உண்டு. வேறு சில இடங்களில் புருஷன் உள்ளே வருவதற்குத் தனிப் பேக்கேஜ்.

அரசு லேபர் வார்டுக்குள் புருஷன் வருவதற்கும் 2016 அறிவுரையில் வழி இருக்கிறது. அங்கே மற்றப் பெண்களின் மறைப்புக்கு ஏற்பாடு இருந்தால் கணவனை அனுமதிக்கலாம் என்கிறது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017இல் வந்த லக்‌ஷ்யா திட்டமும் கட்டிலுக்குக் கட்டில் மறைப்பு வேண்டும் என்கிறது. மறைப்பு இல்லாமல் ஆம்பளைகளை விடக் கூடாது என்பதில் நானும் கறார்தான். சேலை விலகிக் கிடக்கிற நாலு பெண்களுக்கு நடுவே அடுத்த வீட்டுக்காரன் வந்து நிற்க முடியாது.

அன்று அந்த வார்டில் மேலே அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் கம்பி இருந்தது. கம்பியில் கொக்கிகளும் இருந்தன. துணி மட்டும் இல்லை. சிஸ்டரிடம் கேட்டேன்.

"சலவைக்குப் போட்டது திரும்பி வரலைம்மா. புதுசுக்கு இண்டென்ட் போட்டிருக்கோம்" என்றார். செங்கல் சூளைக்காரன் அப்போதும் கேட்டுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். பெண் பிறந்திருக்கிறது என்று அவனுக்கு எங்கள் மாப்பிள்ளைதான் போய், கையைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்தார்.